அரை டம்ளர்

கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றபடி
தூங்கும் நேரத்தில்
நான் சுரைக்காய் சீவுகிறேன்.
சூரியநாராயண செட்டித் தெரு முனை,
டிரான்ஸ்பார்மருக்குக் கீழே மூன்று சக்கர வண்டி.
முதல் கீற்றை என் நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
கசந்தால்
முழுக்காயும் குப்பைக்கு.
முப்பது ரூபாய் போனால் போகட்டும்,
கசந்த சுரைக்காய் ஆளைப் படுக்கப்போட்டுவிடும்.

சர்க்கரை குறையும், கல் கரையும் என்று
நான் பலகை எழுதி மாட்டவில்லை.
பூசணி, சுரை, தோல் சீவிய வெள்ளரி,
வேகவைத்து ஆறவைத்த கேரட்.
முட்டைக்கோஸ் கேட்பவர்களை
எதிர் வண்டிக்கு அனுப்பிவிடுவேன்.
பச்சை முட்டைக்கோஸ் ஜூஸ் குடித்துவிட்டு
ஷேர் ஆட்டோ பின்சீட்டில் நான் பட்ட பாடு
எண்ணூர் வரைக்கும் தெரியும்.

ஆறு வருஷம் தொட்டதெல்லாம் ஆகாமல் கிடந்த
வயிறு இது.
ஸ்டான்லியில் குழாய் விட்டுப் பார்த்து
'ஒண்ணுமில்லம்மா' என்றார்கள்.
அந்த ஒன்றுமில்லாதது
ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி
விசைப்படகு கிளம்பும் சத்தத்தை
எனக்குள்ளேயே ஓட்டிக் காட்டும்.

இங்கே வருகிறவர்கள்
பெயருக்கு முன்னால் வயிற்றைச் சொல்லிவிடுகிறார்கள்.
கொருக்குப்பேட்டை கூட்ஸ் கார்டு கோட்டேஸ்வர ராவ்
எத்தனை முறை போனார் என்பதை
ரயில் நேரம் மாதிரி ஒப்பிப்பார்:
நாலு பத்து, நாலு நாப்பது, அஞ்சு அஞ்சு.
ஷம்ஷாத் பானு முகத்திரைக்குள் டம்ளரைக் கொண்டுபோய்
குடித்து முடித்துக்
கண்ணாலேயே சொல்வாள்,
நேற்று எப்படி என்று.

கன்னியப்பன்தான் பேசவில்லை.
ஏலக்காரர்.
காசிமேட்டில் அவர் குரல் ஏறினால்
வஞ்சிரத்துக்கு விலை ஏறும்.
அந்தக் குரல் என் வண்டி முன்னே
'பெரிய டம்ளர்' என்றது,
தரையில் கொட்டிய மீன் வாயைத் திறப்பதுபோல.
'அரைதான் தருவேன்.'
'துட்டு முழுசா குடுக்கறேன்மா.'
'துட்டு முழுசா குடுத்தா
வயிறு கம்முனு இருந்துருமாண்ணே?'

வேட்டித் துணியில் இரண்டு முறை வடித்தேன்.
இஞ்சி நகக்கண் அளவு.
சீரகத் தண்ணீர் ஒரு கரண்டி.
ஐஸ் கிடையாது என்றதும் சிரித்தார்,
முப்பது வருஷமாய் ஐஸ்மேலேயே நிற்கிற மனுஷன்.
'வாயில வெச்சி மென்னு முழுங்கு.'
'தண்ணிய எப்டிமா மெல்றது?'
'மெல்லு.'
மென்றார்.
ஒரு லாரி விழித்துக்கொண்டு ஹாரன் அடித்தது.

மூன்றாம் நாள் ஆளைக் காணோம்.
நான்காம் நாள் வண்டியருகே வந்து
டிரான்ஸ்பார்மரை முறைத்துக்கொண்டு நின்றார்.
எதிர் வண்டியில்
பாகற்காய் பீட்ரூட் நெல்லி எல்லாம் கலந்த
பெரிய டம்ளராம்.
ஏலத்துக்கு நடுவில்,
நாலாயிரம் ஒருதரம்,
நாலாயிரம் ரெண்டுதரம்,
மூன்றாம் தரம் சொல்ல ஆளில்லை.
கூடை யாருக்கு என்று
இன்னும் தகராறு நடக்கிறதாம்.
நான்தான் முதலில் சிரித்தேன்.
பிறகு அவர்,
வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

நடுவில் மழை வந்தது, ஒரு வாரம் கடையில்லை.
துணி காயாமல் நாறி
புதுசு கிழிக்க வேண்டியிருந்தது.

இன்று வந்தார்.
டம்ளரை வாங்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.
'நேத்து கிழங்கான் ரெண்டு தின்னேன்.'
'வறுத்தா?'
'கொழம்புல. காரம் கம்மி.'
'அப்புறம்?'
'அப்புறம் இன்னா. தூங்கினேன்.'
தூங்கினேன் என்பதை
வஞ்சிரத்தைவிட உயர்ந்த விலைக்குச் சொன்னார்.
'இன்னிக்காவது ஃபுல்லு குடும்மா.'
அரை ஊற்றினேன்.
மென்றுகொண்டே தெருவைக் கடந்துபோனார்.

லாரி வரிசை இரண்டு வண்டி தூரம் நகர்ந்திருந்தது.
கிளீனர் பையன் ஒருவன் குதித்திறங்கி
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிறான்:
'அக்கா, முட்டைக்கோஸ் இருக்கா?'